தோட்டத்து நாய் வீட்டுக்கு வரத் தயாரா?

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பழைய தோட்டத்து லயத்தின் வாசலில், ஆள் இல்லாத வீட்டைக் காவல் காத்தபடி ஒரு நாய் படுத்திருக்கும். அந்த வீட்டில் இருந்தவர்கள் தாமானுக்கோ மலிவு விலை அடுக்குமாடிக்கோ மாறிப் போயிருப்பார்கள். பெரும்பாலான அடுக்குமாடிகளில் நாய் வளர்க்க அனுமதி கிடையாது. தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றியவர்கள் நாயை மட்டும் ஏற்றவில்லை. அது லோரியின் பின்னாலேயே செம்மண் சாலை முடியும்வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறது.

பால்மரம் செம்பனையாக மாறியது. செம்பனை நின்ற நிலங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மனிதர்கள் இடம்பெயர்ந்த கதையை எழுதியவர்கள் ஏராளம். பின்தங்கிய நாய்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. ஆனால் அந்த நாய்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று தாமான் குப்பைத் தொட்டிகளைச் சுற்றுகின்றன, பள்ளிக்கூட வாசலில் படுக்கின்றன, மோட்டார்சைக்கிளைத் துரத்துகின்றன. பெட்டை நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள். ஓர் ஆண்டில் இருமுறை குட்டி போடக்கூடியது. கருத்தடை செய்யாத ஒரு பெட்டை நாயை விட்டுவிட்டுப் போவதும் ஒரு கூட்டத்தையே விட்டுவிட்டுப் போவதும் ஒன்றுதான்.

அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. குடியிருப்பாளர்கள் புகார் கொடுக்கிறார்கள், ஊராட்சி மன்றத்தின் நாய் பிடிக்கும் வண்டி வருகிறது. பிடிபட்ட நாயைச் சில நாள்களுக்குள் யாரும் கேட்டு வரவில்லையென்றால் அதன் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். 2024 அக்டோபரில் திரங்கானு, பெசுட்டில் 'கோப்பி' என்ற தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் செய்தி பரவியபோது நாடே கொதித்தது. 2025இல் நெகிரி செம்பிலானிலும் கொல்வதா, கருத்தடை செய்வதா என்ற வாதம் சூடு பிடித்தது. விலங்கு நலச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது. விலங்கை வதைப்பவருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க அதில் இடமுண்டு. சட்டம் கடுமையானதுதான். ஆனால் பிடிபட்ட நாய்க்கு ஒரு வீட்டைத் தேடித் தர எந்தச் சட்டத்தாலும் முடியாது.

அந்த வேலையைச் செய்பவை காப்பகங்கள். ஒரு நாயை வீட்டுக்கு அனுப்புமுன் அவை மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. உடம்பு எப்படி இருக்கிறது? குணம் எப்படி? ஒரு வீட்டில் வாழ அது தயாரா? நாயைத் தத்தெடுக்க நினைப்பவரும் இதே மூன்றைத்தான் கேட்க வேண்டும். "அழகா இருக்கா, குரைக்குமா" என்று மட்டும் கேட்டு வாங்கிப் போனவர்கள், மூன்றே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

உடம்பு சொல்லும் கதை

செம்பனை ஓரத்தில் பிடிபட்ட ஒரு நாட்டு நாயை எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிறம், நிமிர்ந்த காது, விலா எலும்பு தெரியும் வயிறு. பெயர் டைகர் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பத்து வீட்டுக்கு ஒரு டைகராவது இருக்கும்.

மருத்துவர் முதலில் அதன் வாயைத் திறந்து பார்ப்பார். பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது நான்கு முதல் ஆறு, ஏழு மாதத்துக்குள். ஆகவே குட்டியின் வயதைப் பல்லைப் பார்த்து ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். வளர்ந்த நாய்க்குப் பல் தேய்மானத்தையும் கறையையும் பார்த்து ஒரு மதிப்பீடுதான் சொல்ல முடியும். "இரண்டு வயது" என்று அட்டையில் எழுதியிருந்தால் அது ஒன்றரையாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்.

பல்லைவிட முக்கியமானது ஈறு. நல்ல உடல்நிலையில் உள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தோட்டத்து நாய்களிடம் வெளுத்த ஈறு அடிக்கடி காணப்படும். காரணங்கள் பல.

முதல் காரணம் உண்ணி. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் மொய்த்துக் கிடக்கும் உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகளையும் உடம்புக்குள் செலுத்திவிடுகிறது. இதைத்தான் பொதுவாக உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். நாய் சோர்ந்து படுக்கும், சாப்பிடாது, சிலவற்றுக்கு மூக்கில் இரத்தம் வரும். சில நாய்களிடம் வெளியே எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே ஒளிந்திருக்கும். ஆகவே உண்ணியைப் பிடுங்கிப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். எர்லிக்கியா இருந்தால் டாக்சிசைக்ளின் மருந்தைப் பொதுவாக நான்கு வாரம் விடாமல் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் நாய் துள்ளிக் குதிக்கத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது, பலர் செய்யும் தவறு.

இரண்டாவது காரணம் குடலில் இருக்கும் கொக்கிப்புழு. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். குட்டிகளை இது கொன்றே விடும். இதில் மனிதர்களுக்கும் பங்கு உண்டு. நாய் மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் தோலுக்குள் அதன் இளம்புழு புகுந்து, கோடு கோடாக ஊர்ந்து அரிப்பைத் தரும். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளுக்குப் புழு மருந்து கொடுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நாய்க்கும் அதே ஒழுங்கு தேவை. குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வளர்ந்தவற்றுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

மூன்றாவது காரணம் தோட்டத்துக்கே உரியது. செம்பனைப் பழத்தை எலி தின்றுவிடுகிறது. எலியைக் கட்டுப்படுத்தச் சில நிர்வாகங்கள் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கின்றன. பல இடங்களில் எலி மருந்தும் வைக்கிறார்கள். இந்த மருந்துகளில் பல, இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை. மருந்தைத் தின்ற நாயோ, மருந்து தின்ற எலியைத் தின்ற நாயோ உடனே விழுந்துவிடாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், தோலடியில் இரத்தம் கட்டும். நேரத்தோடு கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். எலியால் வரும் இன்னொரு தொல்லை எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீர் கலந்த வாய்க்கால் நீரைக் குடிக்கும் நாய்க்கு ஈரலும் சிறுநீரகமும் கெடும். அந்த நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் தொற்றும். இதற்குத் தடுப்பூசி உண்டு.

இதயப்புழுவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிப் பார்வைக்கு நன்றாக இருக்கும் நாயை ஏமாற்றிக் கொல்வது அதுதான். கொசுக்கடி வழியாக உடம்புக்குள் புகும் நுண்புழு, ஆறு ஏழு மாதத்தில் வளர்ந்து, இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்களில் குடியேறுகிறது. பெண் புழு 30 சென்டிமீட்டர் வரை நீளும். ஆரம்பத்தில் நாய்க்கு எந்தக் குறையும் தெரியாது. பிறகு இருமல், ஓடினால் இளைப்பு, கடைசியில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு துளி இரத்தத்தில் சில நிமிடங்களில் பரிசோதித்துவிடலாம். ஆனால் கடிபட்டு ஆறு மாதமாவது ஆனபிறகுதான் பரிசோதனையில் தெரியும். இன்று 'இல்லை' என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்வது அதனால்தான். பணம் பறிக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். புழு இருந்தால் சிகிச்சை நீண்டது. அந்தக் காலம் முழுவதும் நாயை ஓட விடக் கூடாது. செத்த புழு துண்டு துண்டாகி இரத்தக் குழாயை அடைத்துவிடும். புழு இல்லாத நாய்க்கு மாதாமாதம் தடுப்பு மருந்து கொடுத்தால் போதும். பரிசோதிக்காமல் தாங்களாகவே மருந்து வாங்கிக் கொடுப்பது ஆபத்து.

சொறி பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் குணமாக்க எளிதானது. முடியெல்லாம் கொட்டி, யானைத் தோல் போல் தடித்துப்போன நாய் இரண்டு மூன்று மாதத்தில் பளபளவென்று மாறுவதைக் காப்பகத்தினர் அடிக்கடி பார்க்கிறார்கள். லயத்துக் காலத்திலிருந்தே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொறி நாய்க்குப் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுவது. அது தோலை எரித்து, நாய் நக்கும்போது உள்ளேயும் போய் நஞ்சாகிறது. அதேபோல் நாய்க்குக் காய்ச்சல் என்று பானடோல் கொடுப்பதும் கூடாது. நாயின் இயல்பான உடற்சூடே 38 டிகிரிக்கு மேல்தான். தொட்டால் சுடுவது காய்ச்சலுக்கு அறிகுறி அல்ல.

கால் ஊனமான நாய்களும் தோட்டப் பக்கம் அதிகம். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டி, கால் அறுந்து, மூன்று காலில் நொண்டி வருபவை. தத்தெடுக்க வருகிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் மூன்று கால் நாய் வீட்டு வாழ்க்கைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

அச்சம் வேண்டியதும் வேண்டாததும்

நெகிரி செம்பிலான் மக்களுக்கு விலங்கு நோய் என்றாலே ஒரு நடுக்கம் வருவதற்குக் காரணம் உண்டு. 1998 இறுதியிலும் 1999 தொடக்கத்திலும் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரங்களில் பரவிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த புதிய கிருமிக்கு அந்த ஊரின் பெயரே வைக்கப்பட்டது. அதுதான் நிப்பா. நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் மாண்டனர். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் அது வந்தது. பண்ணைகளைச் சுற்றித் திரிந்த நாய்களுக்கும் தொற்றியது. பன்றிகள் அழிக்கப்பட்ட பிறகு நாய்கள் வழியாக அது பரவிக்கொண்டே போகவில்லை. இன்று ஒரு தெருநாயைப் பார்த்து நிப்பாவுக்குப் பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது வெறிநாய்க்கடி நோய்க்கு. மலேசியா 2012இல் அந்த நோயற்ற நாடு என்ற தகுதியைப் பெற்றது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017 ஜூலையில் சரவாக், செரியானில் சிறுவர்கள் மாண்டபோது நாடு அதிர்ந்தது. அதன்பின் சரவாக்கில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்துவிட்டனர். நோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிது. ஆனால் தடுப்பது எளிது. நாய்க்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும்போது மீண்டும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளும் மிளகாய்த் தூளும் வைத்துக் கட்டுவது எந்தக் காலத்திலும் உதவியதில்லை. கடித்த நாயைக் கொன்றுவிடாமல் பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருந்தால், அது உயிரோடு நலமாக இருப்பதே கடிபட்டவருக்கு நல்ல செய்தி.

புதிதாகக் கொண்டுவரப்பட்ட நாயைக் காப்பகங்கள் இரண்டு வாரமாவது தனியே வைப்பதற்குக் காரணம் டிஸ்டெம்பர், பார்வோ என்ற இரண்டு தொற்றுகள். ஒரு குட்டி போதும், கொட்டகையையே காலி செய்துவிடும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தடுப்பூசி போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு" என்பது பாதுகாப்பு ஆகாது. தத்தெடுப்பவர் அட்டையில் எத்தனை ஊசி என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

குணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

உடம்பைச் சோதிக்க இயந்திரம் உண்டு, குணத்துக்கு இல்லை. தத்தெடுப்பவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

அமெரிக்கக் காப்பகங்களில் ஒரு காலத்தில் ஒரு சோதனை பெரும் புகழோடு இருந்தது. நாய் சாப்பிடும்போது, நீண்ட குச்சியில் மாட்டிய ரப்பர்க் கையை அதன் தட்டுக்குள் விட்டு இழுப்பார்கள். உறுமினாலோ கடித்தாலோ 'ஆபத்தான நாய்' என்று எழுதிவிடுவார்கள். அந்த ஓர் எழுத்தால் உயிர்விட்ட நாய்கள் பல. பிறகு, அப்படி உறுமிய நாய்களில் பல வீடுகளில் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்வது தெரியவந்தது. 2016இல் கேரி பேட்ரோனெக், ஜானிஸ் பிராட்லி ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, காப்பகத்தில் நடத்தும் இத்தகைய சோதனைகள் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சிறந்தவை அல்ல என்று வாதிட்டது. பசித்துக் கிடந்த நாயின் தட்டில் பொம்மைக் கையை விட்டால் அது வேறென்ன செய்யும்?

சோதனையே வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. ஒரே நாளில் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதுதான் பொருள். கம்பிக் கூண்டு, சுற்றிலும் முப்பது நாய்களின் குரைப்பு, அந்நிய வாடை. இந்த நிலையில் சாதுவான நாய் சீறும். சீறக்கூடிய நாய் பயத்தில் மரக்கட்டையாகிவிடும். மூலையில் ஒடுங்கி அசையாமல் இருக்கும் நாயைப் பார்த்து, "ரொம்ப அமைதி, பிள்ளைகளுக்கு ஏற்றது" என்று கூட்டிப் போகிறார்கள். அது அமைதி அல்ல, உறைந்துபோன பயம். வீட்டில் இரண்டு வாரம் கழித்துத்தான் அதன் உண்மைக் குரல் வெளியே வரும்.

ஆகவே நாள்கணக்கில் பார்க்க வேண்டும். சாப்பாடு கொண்டுவருபவரைக் கண்டால் மட்டும் வாலாட்டுகிறதா, புதியவரிடமும் நெருங்கி வருகிறதா? திடீர்ச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது? திடுக்கிடாத நாய் கிடையாது. சீக்கிரம் தெளிவதுதான் நல்ல குணத்தின் அடையாளம். தொட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டால் 'இன்னும் தடவு' என்று மூக்கால் இடிக்கிறதா, அப்பாடா என்று விலகிப் போகிறதா? பெண்கள், ஆண்கள், தொப்பி போட்டவர், ஊன்றுகோல் வைத்திருப்பவர் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடக்கிறதா?

வாலாட்டும் நாய் கடிக்காது என்பது தவறான நம்பிக்கை. உடம்பு விறைத்து, வால் மேலே நின்று வேகமாக ஆடினால் அது நட்பு அல்ல. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை மட்டும் தெரியப் பார்ப்பது, தேவையில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது இவையெல்லாம் 'தள்ளிப் போ' என்பதற்கு நாய் சொல்லும் மரியாதையான வார்த்தைகள். உறுமுவதும் அப்படித்தான். உறுமியதற்காக நாயை அடித்தால் அது உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும்.

தோட்டத்து நாய்க்கென்று சில குணங்கள் உண்டு. அதைக் கட்டி வளர்த்தவர்கள் குறைவு. லயம் முழுவதும் அதன் வீடு. காலையில் பால்வெட்டுக்குப் போனவரோடு நிரைக்குள் நடந்தது, மத்தியானம் கோயில் மரத்தடியில் படுத்தது, இரவில் அந்நியர் வந்தால் மொத்த லயத்துக்காகவும் குரைத்தது. வைரவருக்கு நாய் வாகனம் என்பதால் அதை அடித்து விரட்டாதவர்களும் இருந்தார்கள். இப்படி வளர்ந்த நாய் புத்திசாலி, ஊருக்கு விசுவாசி, தெரிந்த பிள்ளைகளிடம் சாது. ஆனால் நான்கு சுவருக்குள் அடைத்தால் தவிக்கும். சங்கிலியில் கட்டினால் குணம் கெடும். ஓடும் சக்கரத்தைத் துரத்துவது அதற்கு விளையாட்டு. ஆளில்லாத தோட்டத்தில் கூட்டத்தோடு பிறந்து, மனிதக் கை படாமலே வளர்ந்த அடுத்த தலைமுறை வேறு மாதிரி. நாய்க்குட்டி மனிதர்களோடு பழகக் கற்கும் காலம் மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார்கள். அந்த வாரங்களில் மனிதரையே பார்க்காத குட்டி பிறகு பழகாது என்றில்லை. ஆனால் பொறுமை மாதக்கணக்கில் வேண்டும். முதல் முறையாக நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு அது ஏற்றதல்ல.

இந்த இரண்டு வகையையும் ஒரே அட்டையில் 'தெருநாய்' என்று எழுதி வைப்பதால்தான் பாதித் தத்தெடுப்புகள் கசந்து போகின்றன என்றால் அது மிகையல்ல.

முடியுமானால், நிரந்தரமாகக் கொடுக்குமுன் யாராவது ஒரு தன்னார்வலர் வீட்டில் சில வாரம் வைத்துப் பார்ப்பது எல்லாச் சோதனையையும் விடச் சிறந்தது. குளிர்சாதனப் பெட்டியின் சத்தம், மின்விசிறி, பூனை, வாசலில் கடிதம் போடுபவர், பிள்ளையின் கையில் பிஸ்கட். ஒரு வீட்டில் மட்டுமே தெரியவரும் சங்கதிகள் இவை.

நாய் தயார், வீடு தயாரா?

கருத்தடை முடியாத நாயை வெளியே அனுப்பக் கூடாது என்பதில் சமரசம் செய்யக் கூடாது. "ஒரு தடவை குட்டி போட்டால் நல்லது" என்பது ஆதாரமற்ற பேச்சு. உண்மையில், முன்கூட்டியே கருத்தடை செய்த பெட்டைக்கு மார்புக் கட்டியும் கருப்பைச் சீழும் வரும் ஆபத்து குறைகிறது. சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதால் தெருநாய் குறையவில்லை என்று கண்டு அறுபதுகளிலேயே கருத்தடை வழியைப் பேசத் தொடங்கியது. பூட்டான் 2023இல் தன் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை செய்து முடித்ததாக அறிவித்தது. வீட்டுக்குப் போகும் ஒரு நாய்க்கும் அதே கணக்குத்தான் பொருந்தும்.

உரிமம் எடுக்க வேண்டிய இடம் அவரவர் ஊராட்சி மன்றம். சிரம்பான், நீலாய் பகுதியினருக்கு 2020 முதல் சிரம்பான் மாநகர் மன்றம். எத்தனை நாய் வளர்க்கலாம், எவ்வகை வீட்டில் வளர்க்கலாம் என்ற விதிகள் இடத்துக்கு இடம் மாறும். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே காப்பகத்துக்குப் போவது நல்லது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் நடுத்தர அளவுள்ள நாட்டு நாய்களையும் தத்தெடுக்க 2012 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. நாய்க்கும் உரிமையாளருக்கும் பயிற்சி கட்டாயம். மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறிய தோட்டக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு கதவு திறந்திருந்தால், லயத்து வாசலில் விடப்பட்ட நாய்கள் சிலவாவது கூடவே போயிருக்கும்.

அக்கம்பக்கம் பற்றிய யோசனையும் அவசியம். பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம் இருந்தால், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டிய சமயக் கடமை அவர்களுக்கு உண்டு. வேலிச் சந்து வழியாக நாய் அவர்கள் வாசலுக்குப் போவது அவர்களுக்கு வெறும் தொல்லை மட்டும் அல்ல. வேலியை முதலில் அடைத்துவிட்டு, நாய் வரப்போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் பின்னால் வரும் புகாரில் பாதி குறையும். நாயை வெறுப்பவர்கள் என்று அவர்களை நினைப்பதும் தவறு. 2014 அக்டோபரில் சையட் அஸ்மி என்ற மலாய் இளைஞர் பண்டார் உத்தாமாவில் நடத்திய 'நாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும்' நிகழ்ச்சிக்கு நூற்றுக்கணக்கானோர் திரண்டதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் இரண்டுமே அந்தச் சமூகத்தின் உள்ளிருந்து வந்தவைதான்.

வீட்டுக்கு வந்த நாய் எப்போது 'நம் நாய்' ஆகும்? காப்பகத்தினர் மூன்று, மூன்று, மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு புரிவது, மூன்று மாதத்தில் சொந்தம் என்ற நம்பிக்கை. இது அறிவியல் விதி அல்ல, அனுபவக் கணக்கு. முதல் மூன்று நாளில் சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்து வந்து காட்டக் கூடாது. குளிப்பாட்ட வேண்டியதில்லை. பிள்ளைகள் கட்டிப்பிடிக்கக் கூடாது. ஒரு மூலை, ஒரு துணி, ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். காப்பகத்தில் தின்ற உணவையே கொஞ்ச நாள் கொடுத்து மெல்ல மாற்ற வேண்டும். சோறும் மீனும் கொடுக்கலாம். ஆனால் காரக் குழம்பும் வெங்காயமும் வேண்டாம். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும்.

தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் நாயை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. பட்டாசுச் சத்தத்தில் வேலியைத் தாண்டி ஓடிய நாய், புதிய வீட்டின் வழியை இன்னும் மனத்தில் பதித்துக்கொள்ளாததால் திரும்பி வராது. அதனால்தான் கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண்ணும், தோலடியில் மைக்ரோசிப்பும் முதல் நாளே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

காப்பகங்களில் குட்டிகள் முதலில் போய்விடும். ஐந்து, ஆறு வயது ஆனவை, கறுப்பு நிறத்தவை, நொண்டுபவை காத்துக் கிடக்கும். உண்மையில் வயதான தோட்டத்து நாயிடம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. குணம் எதுவோ அது தெரிந்துவிட்டது, உயரம் எதுவோ அது வளர்ந்துவிட்டது, செருப்பைக் கடிக்கும் வயதும் தாண்டிவிட்டது. வீட்டில் வயதானவர் மட்டும் பகலில் இருக்கும் குடும்பத்துக்கு, ஆறு மாதக் குட்டியைவிட ஆறு வயது டைகரே பொருத்தம். காப்பகத்துக்குப் போகும்போது கடைசிக் கூண்டு வரை நடந்து பார்க்க வேண்டும்.